தந்தி கெஞ்சியது... ட்ரெயின் கேட்கலை!

'அவரா? சரியான எம்டன் ஆச்சே!'

வீட்ல தாத்தாவோ பெரியப்பாவோ யாரைப் பத்தியாவது இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. கெட்டிக்காரன், லேசுல சிக்க மாட்டான், கொஞ்சம் வில்லங்கமான ஆளு... எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்குக்கூட முதலில் வெச்ச பேர் 'எம்டன் மகன்'தான். தமிழ்ப் பேருக்குத்தான் வரிவிலக்குன்னு அரசாங்கம் சொன்னதும் 'டன்'னைக் கழட்டிட்டாங்க!

எம்டன்ங்கறது உண்மையில் ஜெர்மனியில் இருக்கிற ஒரு துறைமுக ஊர். அந்த ஊர்ப் பேரை வெச்ச ஜெர்மன் போர்க்கப்பல் ஒண்ணு, 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி மெட்ராஸ் கடலோரமா வந்து நின்னுச்சு. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டேங்க்குகளைப் பார்த்து நூறுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிஞ்சுட்டு இருட்டில் காணாமப் போயிடுச்சு. டேங்க்குகள் பத்தி எரிஞ்சது. ஏகப்பட்ட பேர் மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணிட்டாங்க. ஹைகோர்ட் வளாகத்தோட கிழக்குச் சுவரில் இதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு. அடுத்த தடவை பீச் ஸ்டேஷன் பக்கம் போனா எட்டிப் பாருங்க.

சரி, ஜெர்மனிக்கும் மெட்ராஸுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா? ஒண்ணுமே இல்லை. அதுக்குச் சரியா 86 நாளுக்கு முன்னாடி, சரயேவோங்கற ஊரில் ஆஸ்திரியா இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை ஒரு பையன் சுட்டான். பேரு காவ்ரிலோ பிரின்ஸிப். வயசு 19. நம்ம செட்டு! அதுக்கும் நம்ம ஊர் எண்ணெய் டேங்க்குக்கும் நடுவில் என்ன கனெக்‌ஷன்?

ஸ்கூல்ல 'முதல் உலகப் போருக்கான காரணங்கள் யாவை?'ன்னு நெடுவினா வரும். ரகசிய ஒப்பந்தங்கள், தீவிர தேசியவாதம், காலனிப் போட்டி, இளவரசர் கொலைன்னு வரிசையா மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிருப்போம். மார்க் வந்துச்சு. ஆனா, ஒரு கொலை எப்படி உலகப் போர் ஆச்சுன்னு மட்டும் புரியலை. ஏன்னா, நாம படிச்சது காரணங்களோட லிஸ்ட். அந்த மெஷின் எப்படி ஓடுச்சுன்னு யாரும் கழட்டிக் காட்டலை. நான் இன்ஜினீயரிங் படிக்கிற ஆளு... கழட்டிப் பார்த்துடலாம்!

மாமா பையன், சித்தி பையன்

முதல்ல ஆளுங்களைத் தெரிஞ்சுக்கோங்க. ஜெர்மனி மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம். கெய்சர்னு சொல்வாங்க. இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இவருக்குச் சொந்த மாமா பையன். ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலஸ், ஜார்ஜுக்குச் சித்தி பையன். ரெண்டு பேரும் பக்கத்தில் நின்னா யாரு யாருன்னு அடையாளம் தெரியாது, அப்படி ஒரு முகச் சாயல். நிக்கோலஸோட மனைவி, கெய்சருக்குச் சித்தி பொண்ணு. அதாவது தங்கச்சி முறை. நம்ம ஊர் கணக்கில் பார்த்தா நிக்கோலஸ் கெய்சருக்கு மாப்பிள்ளை! ஒரு கல்யாண வீட்டு ஆல்பத்துக்குள்ள அடங்கிடற ஆளுங்கதான் ஐரோப்பாவோட மூணு பெரிய வல்லரசுகளுக்குத் தலைவர்கள். சொந்தம்லாம் சண்டையைத் தடுக்கும்னு நினைக்கிறவங்களுக்கு இதுக்கு மேல பதில் வேண்டாம்.

1871-க்கு முன்னாடி ஜெர்மனின்னு ஒரே நாடு கிடையாது. குட்டிக் குட்டி ராஜ்யங்கள். ஒண்ணு சேர்ந்த நாற்பது வருஷத்தில் அது எடுத்த வேகம் இருக்கே... செம! ரசாயனம், மின்சாரம், எஃகுன்னு எல்லாத்திலும் சீறிக்கிட்டுப் போனது. 1913-ல் ஜெர்மனி தயாரிச்ச எஃகு, பிரிட்டன் தயாரிச்சதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. 'பழைய கிளாஸ் ஃபர்ஸ்ட்' பையனுக்கு, புதுசா சேர்ந்த பையன் இன்டர்னல்ல முந்தினா எப்படி இருக்கும்? பிரிட்டனுக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் இது வரைக்கும் வெறும் வயித்தெரிச்சல்தான். போட்டி இருந்தாலே போர் வந்துடாது. கதை மாறினது 1898-ல். அந்த வருஷம் அட்மிரல் டிர்பிட்ஸ் கொண்டு வந்த சட்டத்தின் மூலமா ஜெர்மனி ஒரு பெரிய கடற்படை கட்ட ஆரம்பிச்சது. டிர்பிட்ஸோட கணக்கு ரொம்ப சிம்பிள். 'பிரிட்டனை ஜெயிக்கிற அளவுக்குக் கப்பல் வேண்டாம். நம்மகூட மோதினா அவங்களுக்கும் பலமா அடி விழும்ங்கற அளவுக்கு இருந்தாப் போதும். பயந்துக்கிட்டு மரியாதை கொடுப்பாங்க.' ஜெர்மனி பக்கம் நின்னு பாருங்க, நியாயமாத்தான் தெரியும். வியாபாரம் பண்ற நாடு, கடல் வேணும், பாதுகாப்பு வேணும்.

இப்ப லண்டன்ல இருந்து பாருங்க. பிரிட்டன் ஒரு தீவு. சாப்பிடற கோதுமையில் பெரும்பகுதி கப்பல்லதான் வந்து இறங்கணும். கடலை விட்டா பட்டினி. அதனாலதான் 1889-லேயே, 'நமக்கு அடுத்த ரெண்டு நாட்டுக் கடற்படையையும் சேர்த்தாலும் நம்ம கடற்படை சளைக்கக் கூடாது'ன்னு ஒரு கொள்கையே வெச்சிருந்தாங்க. ஏற்கெனவே ஐரோப்பாவில் அசைக்க முடியாத தரைப்படை வெச்சிருக்கிற ஜெர்மனி, இப்ப கப்பலும் கட்டுதுன்னா... எதுக்கு? யாருக்கு எதிரா?

இதுதான் அந்த மெஷினோட முதல் பல் சக்கரம். நான் என் பாதுகாப்புக்காக வாங்குற பூட்டு, உங்க கண்ணுக்குக் கடப்பாரையாத் தெரியும். நீங்க பயந்து இன்னொண்ணு வாங்குவீங்க. அதைப் பார்த்து, 'பார்த்தியா, நான் சந்தேகப்பட்டது சரிதான்'னு நான் இன்னும் பெருசா வாங்குவேன். கல்ச்சுரல்ஸ்ல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டு போனா 'கீ...'ன்னு ஒரு சத்தம் வருமே, அதே சமாச்சாரம். மைக்கும் கெட்டது இல்லை, ஸ்பீக்கரும் கெட்டது இல்லை. ஒண்ணோட அவுட்புட் இன்னொண்ணுக்கு இன்புட்டாப் போகுது. நடுவில் யாரும் வால்யூமைக் குறைக்கலை.

ஒரு வருஷம், ஒரு நாள்

மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் கிட்ட வாங்க. இந்தக் கதையோட ஹீரோயின் உங்களுக்குத்தான்.

1905 அக்டோபர் 2. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் தளத்தில் ஒரு கப்பலுக்கு அடித்தளம் போட்டாங்க. 1906 அக்டோபர் 3-ம் தேதி அது கடல்ல சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிடுச்சு. ஒரு வருஷம், ஒரு நாள்! பல வருஷம் இழுக்கிற வேலையை அட்மிரல் ஃபிஷர் துரத்தித் துரத்தி முடிக்க வெச்சார். பேரு 'ட்ரெட்நாட்'. எதுக்கும் அஞ்சாதவள்னு அர்த்தம். அதுவரைக்கும் போர்க்கப்பல்னா 12 அங்குல பீரங்கி நாலு இருக்கும், மத்ததெல்லாம் சின்னது. இதில் 12 அங்குல பீரங்கி பத்து! பழைய பிஸ்டன் இன்ஜினுக்குப் பதிலா நீராவி டர்பைன். வேகம் 21 நாட். ஒரே ராத்திரியில் உலகத்தில் இருந்த எல்லாப் போர்க்கப்பலும் காயலான் கடைச் சரக்கு மாதிரி ஆகிடுச்சு.

இங்கேதான் ட்விஸ்ட். 'எல்லாப் போர்க்கப்பலும்'னா, பிரிட்டனோட சொந்தக் கப்பல்களும் அதில் அடக்கம்! பழைய மாடல்ல பிரிட்டன் எத்தனையோ கப்பல் லீடிங்ல இருந்தது. புது மாடல் வந்ததும் ஸ்கோர் போர்டு ஜீரோவில் இருந்து மறுபடி ஆரம்பம். ஜெர்மனிக்கு எவ்வளவு குஷியா இருந்திருக்கும்! 'இனிமே நம்மளும் சமமா ஓடலாம்'னு அவங்களும் ட்ரெட்நாட் ரகம் கட்ட ஆரம்பிச்சாங்க. இத்தனைக்கும் ஃபிஷரைத் திட்டவும் முடியாது. மத்த நாடுகளும் இதே மாதிரி டிசைனை யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவர் கட்டலைன்னா வேற யாராவது கட்டியிருப்பாங்க. வல்லரசுப் போட்டியில் எல்லாரும் சொல்ற டயலாக் இதுதான்... 'நான் செய்யலைன்னா அவன் செய்வான்.'

1909-ல் லண்டன்ல பெரிய பீதி. ஜெர்மனி ரகசியமா வேகமா கட்டுதுன்னு புரளி. கடற்படை ஆறு கப்பல் கேட்டுச்சு. செலவுக்குப் பயந்தவங்க நாலு போதும்னாங்க. கடைசியில் 'சமரசமா' எட்டுன்னு முடிவாச்சு! (கணக்கில் வீக்கான மந்திரி சபை போல!) ஜெர்மனி பக்கம் இன்னொரு கூத்து. புதுக் கப்பல்கள் இவ்வளவு பெருசுன்னா, அதுங்க பால்டிக் கடல்ல இருந்து வட கடலுக்குப் போற கீல் கால்வாய்க்குள்ள நுழையாது. கால்வாயைத் தோண்டி அகலப்படுத்த வேண்டியதாச்சு. அந்த வேலை முடிஞ்சு திறப்பு விழா நடந்தது எப்ப தெரியுமா? 1914 ஜூன் கடைசி வாரம். விழாவுக்கு விருந்தாளியா பிரிட்டிஷ் போர்க்கப்பல்களே வந்திருந்தன. ரெண்டு நாட்டுக் கடற்படை வீரர்களும் பார்ட்டி, படகுப் போட்டின்னு ஜாலியா இருந்தப்பதான் சரயேவோ சேதி வந்து சேர்ந்தது.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். கப்பல் போட்டி நேரடியா போரை ஆரம்பிக்கலை. 1912 வாக்கில் ஜெர்மனிக்கே மூச்சு வாங்கிடுச்சு. பணத்தைத் தரைப்படை பக்கம் திருப்பிட்டாங்க. ஆனா, அந்தப் போட்டி வேற ஒரு வேலையைப் பண்ணிட்டுப் போயிருந்தது. நூத்துக்கணக்கான வருஷமா பிரான்ஸ் கூட முட்டிக்கிட்டு இருந்த பிரிட்டன், 1904-ல் அவங்ககூட ராசி ஆகிடுச்சு. 1907-ல் ரஷ்யாகூட ராசி. பிரான்ஸும் ரஷ்யாவும் 1894-ல் இருந்தே கூட்டாளிகள். மரியாதை கிடைக்கும்னு கப்பல் கட்டின ஜெர்மனி கண்ணு முழிச்சுப் பார்த்தா, கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ், கடல்ல பிரிட்டன். கூட இருக்கிற ஒரே நம்பிக்கையான தோஸ்த் ஆஸ்திரியா-ஹங்கேரி மட்டும்தான். இத்தாலியும் கூட்டணியில் இருந்தது, ஆனா அது எப்ப கழண்டுக்கும்னு அதுக்கே தெரியாது. ஒரே ஒரு ஃப்ரெண்டுதான்னா அவன் இழுக்கிற வம்புக்கெல்லாம் கூடப் போக வேண்டியிருக்குமே... அதுதான் நடந்தது.

ரயில் கணக்கு

அந்தக் காலத்துப் போரில் ஜெயிக்கிறது பீரங்கி இல்லை, ரயில்வே டைம்டேபிள். லட்சக்கணக்கான ரிசர்வ் ஆளுங்களை ஊர் ஊரா கூப்பிட்டு, துணி, துப்பாக்கி, குதிரை, தீவனம் எல்லாத்தோடயும் எல்லையில் கொண்டு போய் இறக்கணும். எந்த நாடு இதை மூணு நாள் முன்னாடி முடிக்குதோ, அது மூணு நாள் தயாராகாத எதிரியை அடிக்கலாம். 'படை திரட்டல்'னு பேப்பர்ல ஒரு கையெழுத்துதான். ஆனா, கையெழுத்துப் போட்ட நிமிஷம் பக்கத்து நாட்டோட கடிகாரமும் ஓட ஆரம்பிச்சுடும்.

ஜெர்மனிக்கு ரெண்டு பக்கமும் எதிரி. அவங்க போட்ட திட்டம் என்னன்னா, ரஷ்யா பெரிய நாடு, ரயில் கம்மி, படை சேர்க்க நேரம் ஆகும். அதுக்குள்ள, சுமார் ஆறு வாரத்தில், பெல்ஜியம் வழியா சுத்திப் போய் பிரான்ஸை முடிச்சுட்டு, அப்புறம் மொத்தப் படையையும் ரயிலேத்தி ரஷ்யா பக்கம் திருப்பிடணும். மொத்தத் திட்டமும் 'ரஷ்யா லேட்டா வரும்'ங்கற ஒரே ஒரு நம்பிக்கையில் நிக்குது.

ரஷ்யா சும்மா இருக்குமா? 1905-ல் ஜப்பான்கிட்ட வாங்கின அடியில் இருந்து எழுந்து, பிரான்ஸ் கொடுத்த கடன்ல மேற்கு எல்லைக்குப் புது ரயில் பாதைகள் போட ஆரம்பிச்சது. 1917-ல் ராணுவ விரிவாக்கம் முடிஞ்சுடும்னு கணக்கு. ரஷ்யாவுக்கு அது தற்காப்பு. பெர்லின் தளபதிகளுக்கோ, ஒவ்வொரு தண்டவாளமும் ஒரு கவுன்ட் டவுன்! '1917-க்கு அப்புறம் நம்ம திட்டம் செல்லாக்காசு. போர் எப்படியும் வரத்தான் போகுதுன்னா, இப்பவே வந்தாத் தேவலை'ன்னு ஜெர்மன் தளபதி மோல்ட்கே 1912-லேயே பேசியிருக்கார். வல்லரசுப் போட்டியில் ரொம்ப ஆபத்தான ஆளு, பலசாலி இல்லைங்க. 'இன்னும் ரெண்டு மூணு வருஷத்தில் என் பலம் போயிடும்'னு பயப்படறவன்தான்.

37 நாள்

ஜூன் 28-ல் கொலை. அதுக்கு அப்புறம் உடனே எதுவும் நடக்கலை. கெய்சர் நார்வே பக்கம் கப்பல்ல டூர் போயிட்டார். போறதுக்கு முன்னாடி, ஜூலை 5-ம் தேதி ஆஸ்திரியாவுக்கு ஒரு வாக்கு கொடுத்துட்டுப் போனார். 'செர்பியாவை என்ன வேணா செய். ரஷ்யா வந்தாலும் நாங்க இருக்கோம்.' சரித்திரத்தில் இதுக்கு 'வெற்றுக் காசோலை'ன்னே பேரு. தொகை எழுதாம கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்!

ஜூலை 23-ல் ஆஸ்திரியா, செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வெச்சு நிபந்தனைகள் அனுப்பிச்சது. செர்பியா ஏறக்குறைய எல்லாத்துக்கும் தலையாட்டி 25-ம் தேதி பதில் கொடுத்தது. டூர்ல இருந்து திரும்பின கெய்சர் அந்தப் பதிலை 28-ம் தேதி காலையில் படிச்சுட்டு, 'இனி போருக்குக் காரணமே இல்லை'ங்கற அர்த்தத்தில் ஓரத்தில் குறிப்பு எழுதினார். அன்னிக்கே ஆஸ்திரியா தந்தி மூலமா செர்பியா மேல போர் அறிவிச்சுடுச்சு! கெய்சரோட சமாதான யோசனை வியன்னாவுக்குப் போறதுக்குள்ள அவரோட சொந்த அதிகாரிகளே அதைத் தாமதப்படுத்தி, சுருதியையும் குறைச்சுட்டாங்க.

செர்பியாவுக்குப் பின்னாடி நின்னது ரஷ்யா. ஜூலை 29-ல் மொத்தப் படையையும் திரட்டச் சொல்லி நிக்கோலஸ் உத்தரவு போட்டார். அன்னிக்கு ராத்திரியே கெய்சர்கிட்ட இருந்து தந்தி. ரெண்டு பேரும் 'வில்லி', 'நிக்கி'ன்னு செல்லப் பேர் போட்டு, இங்கிலீஷ்ல மாத்தி மாத்தித் தந்தி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மாப்பிள்ளையும் மச்சானும் கெஞ்சாத குறை! தந்தியைப் படிச்ச நிக்கோலஸ் மனசு மாறி, உத்தரவை நிறுத்திட்டார். பாதித் திரட்டல் மட்டும் போதும்னார்.

தளபதிகள் தலையில் கை வெச்சாங்க. 'பாதி'ன்னு ஒரு திட்டமே அவங்ககிட்ட ஒழுங்கா இல்லை. பாதியை ஆரம்பிச்சா, அப்புறம் முழுசாத் திரட்டும்போது மொத்த ரயில் கணக்கும் குழம்பிடும்னாங்க. 30-ம் தேதி மதியம் வெளியுறவு மந்திரி சசோனோவ் நேர்ல போய் மன்னரைக் கரைச்சு, மறுபடி சம்மதம் வாங்கிட்டார். உடனே தலைமைத் தளபதிக்கு போன் போட்டு சேதி சொன்னார். மன்னர் மறுபடி மனசு மாறினா? அதுக்கும் ஏற்கெனவே ஐடியா பண்ணி வெச்சிருந்தாங்க... சம்மதம் கிடைச்சதும் தளபதி தன்னோட டெலிபோனை உடைச்சுப் போட்டுட்டு, யார் கூப்பிட்டாலும் கிடைக்காத இடத்துக்குப் போயிடறதுன்னு! படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ரெண்டாவது தடவை படிக்கும்போது வரலை.

ஆகஸ்ட் 1. ஜெர்மனி ரஷ்யா மேல போர் அறிவிச்சது. அன்னிக்குச் சாயங்காலம் பெர்லின் அரண்மனையில் நடந்ததுதான் மொத்தக் கதைக்கும் கிளைமாக்ஸ். லண்டன்ல இருந்த ஜெர்மன் தூதர்கிட்ட இருந்து ஒரு தந்தி. 'நீங்க பிரான்ஸைத் தாக்கலைன்னா, பிரிட்டனும் ஒதுங்கியிருக்கும், பிரான்ஸையும் ஒதுங்க வைக்கும் போலிருக்கு.' கெய்சருக்கு ஒரே சந்தோஷம். மோல்ட்கேயைக் கூப்பிட்டு, 'மொத்தப் படையையும் கிழக்கே திருப்புங்க'ன்னார். மோல்ட்கே முடியவே முடியாதுன்னுட்டார். ஒரு வருஷ உழைப்பில் போட்ட கணக்கு. 11,000 ரயில்கள். எது எந்தப் பாலத்தை எத்தனை மணிக்குத் தாண்டணும்ங்கற வரைக்கும் எழுதியாச்சு. ரைன் நதி மேல கொலோன் பாலத்தில் மட்டும் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில். 'இப்போ திருப்பினா, போய்ச் சேர்றது படையா இருக்காது, சோறு தண்ணி இல்லாத கும்பலாத்தான் இருக்கும்'ங்கறது அவரோட வாதம். 'உங்க பெரியப்பாவா இருந்தா வேற பதில் சொல்லியிருப்பார்'னு கெய்சர் கடுப்படிச்சார். (பெரியப்பா மோல்ட்கே, 1870-ல் பிரான்ஸை ஜெயிச்ச தளபதி. பேரனுக்கும் தம்பி பிள்ளைக்கும் இந்த டயலாக் எந்த வீட்லயும் தப்பாது!)

அதுக்குள்ள, அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கே ஒரு ஜெர்மன் படைப்பிரிவு லக்ஸம்பர்க் எல்லையைத் தாண்டி ஒரு ரயில்வே ஸ்டேஷனைப் பிடிச்சிருந்தது. அரை மணி நேரத்தில் இன்னொரு குழு வண்டியில் பறந்து வந்து, 'தப்பா வந்துட்டீங்க, கிளம்புங்க'ன்னுச்சு. ராத்திரி லண்டன்ல இருந்து மன்னர் ஜார்ஜோட தந்தி வந்தது. 'ஏதோ தவறான புரிதல். அப்படி ஒரு யோசனையே இல்லை.' கெய்சர் மோல்ட்கேகிட்ட, 'இனி உங்க இஷ்டம்'னுட்டார். ஆகஸ்ட் 3-ல் பிரான்ஸ் மேல போர். 4-ம் தேதி பெல்ஜியத்துக்குள்ள ஜெர்மன் படை நுழைஞ்சது. பெல்ஜியத்தைக் காப்போம்னு 1839-ல் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, அன்னிக்கு ராத்திரி பிரிட்டனும் இறங்கியாச்சு. பிரிட்டன் இறங்கினதும் இந்தியாவும் போர்ல. நம்மளை யாரும் கேட்கக்கூட இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் தாண்டிப் போனாங்க. சுமார் 74,000 பேர் திரும்பலை.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். நிஜமாவே ரயிலைத் திருப்ப முடியாதா? 11,000 ரயில்களுக்கு முன்னாடி மன்னர்கள் எல்லாம் பாவம், கைதிகளா? இப்படி நினைச்சுக்கிட்டா மனசுக்கு வசதியா இருக்கும். யார் மேலயும் பழி இல்லை பாருங்க! ஆனா, அப்ப ஜெர்மன் ராணுவத்தில் ரயில்வே பிரிவுக்குப் பொறுப்பா இருந்த ஸ்டாப்ங்கற அதிகாரி, 1925-ல் ஒரு புத்தகமே போட்டார். வரைபடம், அட்டவணைகளோட கணக்குப் போட்டு, 'படையில் பாதிக்கு மேல திருப்பியிருக்கலாம். என்கிட்ட கேட்டிருந்தா செஞ்சு காட்டியிருப்பேன்'னார். அதாவது, 'முடியாது'ன்னு சொன்னது ரயில் இல்லை. ஆபீஸர்!

யார் மேல எவ்வளவு தப்புன்னு சரித்திர ஆசிரியர்கள் நூறு வருஷமா அடிச்சுக்கறாங்க. ஜெர்மனி தெரிஞ்சேதான் செஞ்சதுன்னு ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961-ல் எழுதினார். எல்லாரும் தூக்கத்தில் நடந்தவங்கன்னு கிறிஸ்டோபர் கிளார்க் 2012-ல் எழுதினார். நான் ஃபிஷர் பக்கம் கொஞ்சம் சாயறேன். அந்த வெற்றுக் காசோலையைத் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அதுக்காக மத்தவங்களுக்கு க்ளீன் சர்ட்டிஃபிகேட் கொடுக்கவும் மனசு வரலை. டெலிபோனை உடைக்கிறேன்னு சொன்னவர் ஜெர்மன்காரர் இல்லையே!

'பிசினஸ் இருக்கே பாஸ்!'

ஹாஸ்டல்ல இதைப் பத்திப் பேசினா ஒரு குரல் கண்டிப்பா வரும். 'இப்பல்லாம் பெரிய போர் வராதுடா. அமெரிக்காவுக்கு சீனாகூட எவ்வளவு வியாபாரம்! யாராவது சொந்தக் கஸ்டமரை அடிப்பாங்களா?' இதையே 1910-ல் நார்மன் ஏஞ்சல்ங்கற ஆங்கில எழுத்தாளர் ஒரு புத்தகமா எழுதினார். நாடுகளோட வியாபாரமும் பேங்க்குகளும் இப்படிப் பின்னிப் பிணைஞ்சிருக்கும்போது, போரில் ஜெயிக்கிறவனுக்கும் நஷ்டம்தான்னு வாதம். புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஜெர்மனியும் பிரிட்டனும் அப்ப ஒருத்தருக்கொருத்தர் பெரிய கஸ்டமர்கள். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஜெயிச்சவங்களும் திவாலாகிற நிலைக்குத்தான் வந்தாங்க. ஆனா, நஷ்டம்னு தெரியறதும், நிறுத்தறதும் வேற வேற சப்ஜெக்ட்!

அத்தனை வருஷம் போட்டி போட்டுக் கட்டின கப்பல்கள் என்னாச்சுன்னு கேட்கறீங்களா? நாலு வருஷப் போரில் ரெண்டு பெரிய கடற்படையும் முழுசா நேருக்கு நேர் மோதினது ஒரே ஒரு தடவை. 1916 மே 31-ல் ஜட்லாண்ட் பக்கம். பிரிட்டனுக்கு 6,000 பேருக்கு மேல சாவு, ஜெர்மனிக்கு 2,500-க்கு மேல. போர் முடிஞ்சதும் ஜெர்மன் கப்பல்களை ஸ்காட்லாந்துகிட்ட ஸ்காப்பா ஃப்ளோவில் கொண்டு போய் அடைச்சாங்க. எதிரி கையில் போகக் கூடாதுன்னு 1919 ஜூன் 21-ல் ஜெர்மன் மாலுமிகளே தண்ணியைத் திறந்து விட்டு, 52 கப்பல்களை மூழ்கடிச்சுட்டாங்க. ஒரு தலைமுறை கட்டின வரிப்பணம், ஒரே நாள்ல கடலுக்கு அடியில்!

சைக்கிள்ல வந்த தந்தி

இதே மெஷின் இன்னொரு தடவை ஓடி, நின்னும் போயிருக்கு. 1962 அக்டோபர். அமெரிக்காவுக்குப் பக்கத்தில் கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளைக் கொண்டு வந்து வெச்சது. கென்னடியோட தளபதிகள், 'இப்பவே விமானத்தில் போய் அடிச்சுடலாம்'னாங்க. கென்னடி அப்போதான் 1914 ஆகஸ்ட் பத்தி பார்பரா டக்மேன் எழுதின புத்தகத்தைப் படிச்சிருந்தார். தன்னைச் சுத்தி இருந்தவங்களையும் படிக்கச் சொன்னவர் அவர். தாக்குதலுக்குப் பதிலா, கப்பல்களை நிறுத்திக் கடலை மறிச்சார். குருஷேவ் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைச்சது.

ஆனா, அந்த நேரத்தில் தகவல் போன லட்சணத்தைக் கேளுங்க. வாஷிங்டன்ல இருந்த சோவியத் தூதர் மாஸ்கோவுக்கு அவசரச் சேதி அனுப்பணும்னா, தந்தி கம்பெனி பையன் சைக்கிள்ல வந்து வாங்கிட்டுப் போவான். 'வழியில் எங்கேயும் நிக்காமப் போகணுமே'ன்னு வேண்டிக்குவோம்னு அந்தத் தூதர் டோப்ரினின் பின்னாடி எழுதியிருக்கார். உலகமே அந்த சைக்கிள் கேரியர்ல! அக்டோபர் 27-ம் தேதி, அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டு போட்டுத் துரத்தின ஒரு சோவியத் நீர்மூழ்கிக்கு உள்ளே, மாஸ்கோவோட தொடர்பே இல்லை. போர் ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைச்ச கேப்டன் அணு டார்பிடோவைத் தயார் பண்ணச் சொன்னதாகவும், வாசிலி அர்கிபோவ்ங்கற அதிகாரி ஒத்துக்க மறுத்து அவரை அமைதிப்படுத்தினதாகவும் உள்ளே இருந்தவங்க பிற்பாடு சொல்லியிருக்காங்க. நான் பார்த்த வரைக்கும், இந்தக் கட்டுரையில் வர்ற தளபதிகள்ல 'கொஞ்சம் பொறு'ன்னு சொன்ன ஆளு இவர் ஒருத்தர்தான்.

அடுத்த வருஷமே, 1963 ஜூன்ல, வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் நேரடி ஹாட்லைன் போட ஒப்பந்தம் பண்ணிக்கிட்டாங்க. சினிமாவில் காட்டற சிவப்பு டெலிபோன் இல்லை. டெலிபிரின்ட்டர். வாயால் பேசினா கோபத்தில் வார்த்தை தடிக்கும், எழுத்துன்னா படிச்சு யோசிக்க ஒரு நிமிஷம் கிடைக்கும்னு அப்படி வெச்சாங்க.

இன்னிக்கு வளர்ற வல்லரசு சீனா. பழைய வல்லரசு அமெரிக்கா. நடுவில் தைவான். ரெண்டு நாட்டு ராணுவங்களும் பேசிக்கறதுக்கும் ஏற்பாடுகள் உண்டு. 2022 ஆகஸ்ட்ல அமெரிக்க சபாநாயகர் நான்ஸி பெலோஸி தைவான் போனார். கோபத்தில் சீனா அந்த ராணுவப் பேச்சுகள்ல முக்கியமானதையெல்லாம் ரத்து பண்ணிடுச்சு. 2023 பிப்ரவரி 4-ம் தேதி, அமெரிக்க வானத்தைக் கடந்து போன ஒரு சீன பலூனை அமெரிக்கப் போர் விமானம் சுட்டு வீழ்த்தினது. அன்னிக்கே அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின், சீனப் பாதுகாப்பு அமைச்சர்கூடப் பேசணும்னு லைன் கேட்டார். சீனா எடுக்கலை. ராணுவங்கள் மறுபடி பேசிக்கிட ஒத்துக்கிட்டது அந்த வருஷம் நவம்பர்ல, பைடனும் ஷி ஜின்பிங்கும் கலிஃபோர்னியாவில் நேர்ல சந்திச்சப்போதான். அதுவரைக்கும் ஒன்பது மாசம் அந்த போன் அப்படியே கிடந்துச்சு.